பக்கத்துக் கோர்ட்டில் நான் நின்ற நாள்

விலை போனவன் என்று என்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போன வருடம், பள்ளிக்கூடங்கள் திறந்த ஜூன் மாதம் அது. மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. படித்ததும் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பக்கத்தில் யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள். வாய் அசைவதுதான் தெரிந்தது.

சபையாருக்கும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும் என் அன்பு. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். எந்த ஊர்க் கோர்ட் என்பதும் வேண்டாம். வேலூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் ஈரத்தோல் தூக்கியவர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் மேல் அந்த வாசனை போகாது. நான் பேசக் கற்றுக்கொண்டது அந்த டேனரி வாசலில்தான். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் ஆளுக்கொரு பேச்சு பேசுவார்கள், நான் வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன். பகலில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, வக்கீலாகி, பரீட்சை எழுதி அரசு வழக்கறிஞர் ஆனேன். போலீஸ் போடும் கேஸ்களை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அரசாங்கத்துக்காக நடத்துகிற வேலை. இப்போது கணியம்பாடியில் குடியிருக்கிறோம்.

எங்கள் கோர்ட் வளாகத்தில் நாலைந்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுகள் உண்டு. கோர்ட்டுக்கு ஒரு அரசு வழக்கறிஞர். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் அங்கே போய் நிற்க, மேலதிகாரி எழுத்தில் உத்தரவு போட வேண்டும். சட்டம் அப்படி. நடைமுறையில் காலையில் ஒரு போன் வரும், ‘கொஞ்சம் பாத்துக்கோ’ என்று. அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாத்துக்கோ. பஸ் பஞ்சர் என்றால் பாத்துக்கோ.

பக்கத்துக் கோர்ட்டில் நஸ்ரீன் மேடம். ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் கணவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். சிறுநீரகம் கெட்டு, வேலை போய், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு நஸ்ரீன் சம்பளம்தான் சோறும் மருந்தும். இருந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்துபோனது. இனி சொல்லாமல் நின்றால் நடவடிக்கை என்று ஏற்கெனவே அவருக்கு எச்சரிக்கை வந்திருந்தது.

அன்றைக்குக் காலையில் போன்.

“அண்ணா, இவருக்கு மெஷின்ல போட்டதும் பிபி இறங்கிடுச்சு. கண்ணு மேல சொருகுது. என் கோர்ட்ட கொஞ்சம் பாத்துக்கங்கண்ணா.”

“நீ ஆள பாரும்மா. கோர்ட்டு எங்கயும் ஓடிப்போவாது.”

போய் நின்றேன். அங்கே ஒரு ஜாமீன் மனு. கௌரி என்று ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிற பெண். கல்யாணத்துக்கு மறுத்துவிட்டாள் என்று ஒருவன் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவள் கையை முறித்திருந்தான். அவனுக்குத்தான் ஜாமீன் கேட்டார்கள். கொடுக்கவே கூடாது என்று நான் வாதாடினேன். போலீஸிடமிருந்து கேஸ் கட்டு வந்து சேரவில்லை. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், கௌரி இருக்கும் பக்கமே போகக் கூடாது என்ற நிபந்தனைகளோடு ஜாமீன் கிடைத்துவிட்டது.

பின்பெஞ்சில் கௌரியின் அம்மா உட்கார்ந்திருந்தார். அணைக்கட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர். முந்தின வாய்தாவில் நஸ்ரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாதம்மா, நான் இருக்கேன்” என்று சொல்லியிருந்தார். அந்தத் தாய் வந்து பார்த்தால் மேடத்தைக் காணோம். முன்பின் தெரியாத ஒருத்தன் எழுந்து நின்று ஏதோ பேசுகிறான். மகள் கையை முறித்தவன் வெளியே போகிறான். அவர் என்ன நினைப்பார்? அதைத்தான் எழுதிக் கொடுத்தார். மேடத்தை வரவிடாமல் செய்துவிட்டு, அவர்கள் பக்கம் விலை போன ஆள் வந்து நின்றான் என்று.

மெமோவில் கேள்வி ஒன்றுதான். உங்களுடையது இல்லாத கோர்ட்டில் யார் சொல்லி ஆஜரானீர்கள்?

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நஸ்ரீன் சொன்னார் என்று சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். அவர் வேலை போய்விடும். அந்த மெஷினில் கிடக்கிற மனுஷன் என்ன ஆவார்?

நஸ்ரீன் ஓடிவந்தார். “நானே போய்ச் சொல்லிடறேண்ணா.”

“வாயத் தொறக்காத. மொதல்ல அவர் எழுந்து உக்காரட்டும்.”

வீட்டில் என் மனைவி கிரேஸ் சும்மா விடுவாளா? “என்னங்க, ஊருக்கெல்லாம் குடை புடிக்கிறீங்க. நம்ம வீடு ஒழுகுதே, அத யாரு பாக்கறது?” என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சஸ்பெண்ட் ஆனால் பாதிச் சம்பளம். பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள். அதைவிட, அப்பா பெயர். ஈரத்தோல் தூக்கி என்னைக் கறுப்புக் கோட்டு போட வைத்த மனுஷனின் மகன் விலை போனான் என்று ஆம்பூரில் பேசுவார்கள்.

கோர்ட்டிலும் ஆட்கள் விலகினார்கள். நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். பகைத்துக்கொண்டவர் யாருமில்லை. எல்லோரும் ‘பாத்துக்கோ’ என்று நின்றவர்கள்தானே, இன்றைக்கு எனக்கு, நாளைக்குத் தனக்கு என்ற பயம்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கோர்ட் ஹால் காலியாக இருக்கும். நான் நிற்கிற மேஜையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெபிப்பேன். நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. “ஆண்டவரே, நான் பொய் சொல்லக் கூடாது. அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை. உமக்குத் தெரிந்தால் காட்டும்.” தினமும் இதேதான். அழுகை வரும், முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கேஸுக்கு எழுந்து நிற்பேன்.

எங்கள் அரசு வழக்கறிஞர்களில் மூத்தவர் தட்சிணாமூர்த்தி சார். கோயிலுக்கும் போகமாட்டார், சர்ச்சுக்கும் வரமாட்டார். என்னைப் பாஸ்டர் என்று கிண்டல் செய்வார். விசாரணைக்கு முந்தின நாள் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“இன்னா பாஸ்டரே, நாளைக்கு இன்னா சொல்லப்போற?”

“உண்மைய சார். என் பங்கு உண்மைய மட்டும்.”

“பங்கு போட்டுக் குடுக்கறதுக்கு அது இன்னா பிரியாணியா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “நான் பைபாஸ் பண்ணிக்கினு படுத்திருந்தப்போ என் கோர்ட்ல வந்து நின்னவன் நீ. உத்தரவு வாங்கிக்கினா நின்ன?”

நான் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தேன். அவரும் போய்விட்டார்.

மறுநாள் விசாரணை அதிகாரி முன்னால் உட்கார்ந்தேன். கடுமையான மனிதர், ஆனால் கோபக்காரர் இல்லை. “நீங்க ஜாமீனை எதிர்த்தீங்கன்னு ஆர்டர்லயே இருக்கு. அது போதாது. யார் சொல்லி அங்க போனீங்க?” என்றார்.

“போனது நான்தான் சார். யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.”

“கேக்கத்தானே நான் வந்திருக்கேன்?”

நான் தலை குனிந்தேன். பதில் தரவில்லை என்று அவர் எழுதத் தொடங்கினார். உள்ளுக்குள், “இப்போதாவது காட்டும்” என்றேன்.

கதவு தட்டப்பட்டது. நஸ்ரீன். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் உறுதி.

“நான்தான் சார் சொன்னேன். அண்ணன் மேல தப்பில்ல. லீவு இல்லாம ஆஸ்பத்திரில நின்னது நானு.”

அவர் பின்னாலேயே தட்சிணாமூர்த்தி சார். அவருக்குப் பின்னால் எங்கள் வளாகத்து அரசு வழக்கறிஞர்கள் எல்லோரும். டீக்கடையில் பேச்சை நிறுத்தியவர்களும்தான். முந்தின நாள் சாயங்காலம் தட்சிணாமூர்த்தி சார் ஒவ்வொரு மேஜையாகப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது.

“எனக்காக இவர் நின்னிருக்கார் சார்,” என்றார் தட்சிணாமூர்த்தி. “இவருக்காக நான் நின்னிருக்கேன். உத்தரவு ரெண்டு தரமும் கெடயாது.” நானும், நானும் என்று மற்றவர்கள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாருமே விதியை மீறினோம்னு சொல்லவா கூட்டமா வந்தீங்க?”

“ஆமா சார். ஒருத்தன் தலைல மட்டும் எழுதாதீங்க. இடம் இருந்தா எங்க பேரையும் சேத்துக்கங்க.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கோர்ட்டில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தவன், அன்றைக்கு அந்த அறையில் சிறு பிள்ளை மாதிரி அழுதேன். நடுவில் வழி தெரியவில்லை என்று கேட்டவனுக்கு, ஆண்டவர் அந்த வழியில் ஆட்களையே நடத்திக் கூட்டிவந்தார்.

புகார் கொடுத்தவர் என்று வரச்சொல்லியிருந்ததால் கௌரியின் அம்மாவும் வராந்தாவில் இருந்தார், அதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

“அன்னைக்கு இவர் இன்னா பேசினார்னு தெரியுமாம்மா?”

“இங்கிலீசுல பேசிக்கினாங்க சார். எனக்கு இன்னா தெரியும்? மேடத்த காணோம், அவன் வெளிய வந்துட்டான். வயிறு எரிஞ்சிச்சு.”

நஸ்ரீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கணவரைப் பற்றி, மெஷினைப் பற்றி, நான் எதிர்த்துப் பேசியதைப் பற்றி. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, அன்னிக்கே பின்னால திரும்பி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எதுக்குப்பா எழுதிக் குடுக்கப்போறேன்?”

அந்தக் கேள்வி என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான் நீதிபதியைப் பார்த்துப் பேசினேன். எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்துப் பேசினேன். யாருக்காகப் பேசினேனோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வேலையில் அது எல்லோருக்கும் பழகிப்போன தப்பு.

முடிவு சில மாதம் கழித்து வந்தது. விலை போனேன் என்ற புகார் விலக்கப்பட்டது. உத்தரவில்லாமல் நின்றதற்காக எங்கள் எல்லோருக்கும் எச்சரிக்கை. நஸ்ரீனுக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றது, வேலை தப்பியது. மேலிடத்தில் தட்சிணாமூர்த்தி சாரே போய்ப் பேசி, ஆம்பூர்ப் பக்கமே அவருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார். அவர் கணவர் இன்னும் மெஷினுக்குப் போய்வருகிறார், உயிரோடு இருக்கிறார், பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்குச் சேமியா அனுப்புகிறார். இப்போது காலையில் போன் வந்தால் அப்போதே மேலிடத்துக்குச் சொல்லி அனுமதி வாங்குகிறோம். கிரேஸ் மட்டும், “வீடு ஒழுகுதேன்னு கத்தினேன். குடை தூக்கிக்கினு ஊரே வந்துடுச்சு” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்குக் கிடைத்த எச்சரிக்கையை நான் அவமானமாக நினைக்கவில்லை. அதே வாசகம் என் நண்பர்கள் எல்லோருடைய பதிவேட்டிலும் இருக்கிறது. எனக்காக வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது நான் வேறொருவர் கோர்ட்டுக்குப் போனால், மேஜைக்குப் போகுமுன் பின்பெஞ்சுக்குத்தான் போவேன். கேஸ்காரர்கள் யார் என்று கேட்டு, குனிந்து நின்று தமிழில் சொல்வேன். “மேடம் இன்னிக்கு வரல. அவங்களுக்குப் பதிலா உங்களுக்காக நான் நிக்கிறேன். பயப்படாதீங்க.” சிலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை, நானும் ஆண்டவரை அப்படிப் பார்த்தவன்தான்.

நெருக்கத்தில் இருக்கிற சகோதரனே, சகோதரியே, உங்களுக்காகவும் ஒருவர் எழுந்து நிற்கிறார். அவர் பேசுவது இப்போது உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். கைவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உட்கார்ந்திருங்கள், கேளுங்கள். நான் பின்னால் திரும்பிப் பார்க்க மறந்தவன். அவர் மறக்கமாட்டார், உங்கள் பின்பெஞ்சுக்கு அவரே நடந்து வருவார்.