கண்ணாடி அறைக்கு வெளியே

பிள்ளைகளா, அந்தத் தோல் கம்பெனிப் பேச்சை எடுத்தாலே நான் ஏன் முகம் சுளிக்கிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

ஆம்பூரில் எங்கள் கம்பெனிக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த சமயம். பெரிய மெஷினையும் அதற்கென்று ஒரு திரையையும் ஏசி போட்ட கண்ணாடி அறையில் வைத்தார்கள். அதிலிருந்து ஒயர் இழுத்து ஆபீசுக்கு இரண்டு திரை, தோல் குடோனில் சரக்குக் கணக்கு எழுதிய எனக்கு ஒரு திரை. வந்த சரக்கின் பெயரை நான் குடோனில் தட்டினால், உடனே அந்த அறைத் திரையிலும் தெரியும். எனக்கு அது பெரிய அதிசயம்.

அந்த அறைக்கு ஆப்பரேட்டர் தேவைப்பட்டார். ஆசைப்பட்டு மேனேஜரிடம் கேட்டேன்.

"உனக்கு வேல தெரியும்பா, இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள ஏசி. கதவ மூடினா உன் மேல தோல் வாடை ஜாஸ்தியா தெரியும். மொதலாளிக்கு ஆவாது."

"குளிச்சிட்டுத்தான் சார் வர்றேன்."

பக்கத்திலிருந்த கேஷியர் சிரித்தார். "சென்ட்லயே குளிச்சாலும் அது போவாதுப்பா!"

அந்த ஏசியும் அவர்கள் போட்டிருந்த சட்டையும் அதே தோல் விற்ற காசில் வந்ததுதான். திரும்பிவிட்டேன். நான் தட்டும் எழுத்து அந்த அறைக்குள் போகலாம், நான் போகக்கூடாது.

எல்லோரும் சாப்பிடப் போனதும் குடோனில் தனியாக உட்கார்ந்தேன். சரக்கின் பெயர் கேட்கும் இடத்தில் என் பெயரைத் தட்டினேன். ஆளில்லாத அந்த அறையின் திரையிலும் அது வந்திருக்கும். கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன். பிறகு நானே அழித்தேன்.