மூன்று தடவை கூப்பிட்டாச்சு

வீடியோவில் வைத்தியம் பார்க்கும் கம்பெனியில், டாக்டரையும் நோயாளியையும் ஒரே நேரத்தில் திரைக்குக் கொண்டுவரப் படாதபாடு படுபவருக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்று பெயர். அது நான்தான். அலுவலகம் ஒரகடத்தில், சுற்றியுள்ள தொழிற்சாலை ஆட்கள்தான் எங்கள் நோயாளிகள். நான் சேர்ந்தபோது நோயாளிகளுக்குப் போன் செய்ய எட்டுப் பேர் இருந்தார்கள், இன்று நாற்பது பேர். ஆள் கூடினால் தலைவலியும் கூடும் என்பதை, டார்கெட்டோடு மல்லுக்கட்டும் சக மேனேஜர்களான உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

நாக்கை நீட்டுங்க

ஒருவருக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல். டாக்டர் வீடியோவில் வந்தபோது, காய்ச்சல்காரர் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "நாக்கை நீட்டுங்க" என்றார் டாக்டர். அவர் நீட்டினார். பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துத் தன் நாக்கை நீட்டினார். எத்தனை பேரைப் பார்ப்பது என்று டாக்டர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

நான் அந்த நோயாளியைக் கூப்பிட்டு, இனிமேல் தனியாக இருக்கும்போது பேசுங்கள் என்றேன். அவர் சொன்னார்: "தனியாவா? ரூம்ல ஒம்போது பேரு தங்கிகினு கீறோம் சார். ஆட்டோல ஆறு பேருதான்."

நான் போட்ட சட்டம்

அழைப்புகள் குவிய ஆரம்பித்ததும் ஒரு சட்டம் போட்டேன். மூன்று தடவை கூப்பிட்டு எடுக்காவிட்டால் கேஸை மூடிவிடலாம். எல்லோருக்கும் நிம்மதி. தலைமை அலுவலகத்தில் பாராட்டுகூடக் கிடைத்தது.

போன் செய்யும் நாற்பது பேரில், பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் தேவகி மட்டும் பேச்சைச் சுருக்கச் சொன்னால் கேட்கவில்லை. மற்றவர்கள் நாலு நிமிடத்தில் முடிக்கும் அழைப்பு அவருக்கு எட்டு நிமிடம். அவருடைய அழைப்புகளின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். புதிதாகப் பதிவு செய்கிற ஒவ்வொருவரிடமும், எந்த ஷிஃப்ட், எந்த லைன், சூப்பர்வைசர் நம்பர் என்ன, டீக்கு எப்போது விடுவார்கள் என்று விசாரித்திருந்தார், எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் வேறு எழுதி வைத்திருந்தார். ஊர்க்கதை கேட்பதற்கா சம்பளம் என்று கோபம் வந்தது. மாதக் கடைசிக்குள் நேரத்தைக் குறைக்காவிட்டால் வேலை இல்லை என்று கடிதம் அடித்துக் கொடுத்தேன். அப்போது என்னை நினைத்து எனக்கே பெருமை. தேவகி வாசித்துவிட்டுக் கேட்டார்: "கையெழுத்து எங்க சார் போடணும்? பத்து பத்துக்கு ஒருத்தருக்கு டீ பிரேக். போன் பண்ணணும், லேட்டாவுது."

மூடிய கேஸ்

அடுத்த வாரம் முனுசாமியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வடக்குப்பட்டுக்காரர், ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று டாக்டர் சிவப்பில் குறித்திருந்தார். எங்கள் ஆள் ஒருவர் மூன்று தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. சட்டப்படி மூடிவிட்டார். மூடிய கேஸில் சிவப்பு தெரியாது. அப்படி அமைக்கச் சொன்னவனும் நான்தான்.

மூடிய பட்டியலையும் பார்க்கும் பழக்கம் தேவகிக்கு இருந்தது. நோட்டோடு என் மேஜைக்கு ஓடி வந்தார். "வேலை நேரத்துல போன் லாக்கர்ல இருக்கும் சார், லைனுக்குள்ள எடுத்துனு போவக் கூடாது" என்றவர், பேசும்போதே நோட்டைப் பார்த்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "முனுசாமியா? காலைல ரெண்டு தபா ரேக்குல இடிச்சிட்டான்மா. தண்ணி போட்டுட்டு வந்துகிறான்னு மெமோ குடுக்க ஒக்கார வெச்சிகிறேன்."

முதல் ரிங்கிலேயே

அது போதை இல்லை, சர்க்கரை என்று தேவகி சொன்னதும், முனுசாமியைத் தொழிற்சாலை ஆம்புலன்ஸில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும், அதற்குமேல் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். ஒரு மனிதரைக் கொன்றிருப்பேன், அதற்குப் பாராட்டும் வாங்கியிருப்பேன். தேவகியிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவர் பாதி கேட்டார், பாதி நோட்டைப் பார்த்தார். யாருக்கோ டீ நேரம் போல.

இரண்டு நாள் கழித்து முனுசாமிக்கு நானே போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். நாங்கள் அன்று மூன்று தடவை கூப்பிட்டோம் என்று நியாயம் பேச ஆரம்பித்தேன். மனிதர் சிரித்தார். "மூணு இன்னா சார், முப்பது தபா கூப்டாலும் லாக்கர் பேசுமா?"

இப்போது நாற்பது பேரும் டீ நேரம் கேட்கிறார்கள், அழைப்பு நேரம் எக்கச்சக்கமாய் ஏறிவிட்டது, காரணம் கேட்டுத் தலைமை அலுவலகம் என்னை இன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டது, நான்தான் எடுக்கவில்லை.