குழாயடியில் செத்த கருதுகோள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. அரசியல் அறிவியலில் எம்.ஃபில். முடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒப்பாய்வைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் ஒத்திருந்து ஒன்றில் மட்டும் வேறுபடுகிற இரண்டு இடங்கள் கிடைத்தால் போதும், காரணம் தானாக வந்து கையில் விழும் என்று நம்பினேன். அந்த வயதில் எதையும் நம்புவேன்.

தாமிரபரணிக் கரையில் அப்படி இரண்டு ஊராட்சிகள் சிக்கின. ஆய்வேட்டில் அவற்றுக்கு 'அ', 'ஆ' என்று பெயர். ஒரே டவுண் பஸ், ஏறக்குறைய ஒரே அளவு சனம், ஒரே மாதிரி வாழைத்தோட்டம், ஆற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உறைகிணறு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. 'அ'வில் தலைவர் பதவிக்கு அடிதடிப் போட்டி. 'ஆ'வில் ஊர் கூடிப் பேசி, போட்டியில்லாமல் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். தேர்தலில் தோற்ற ஆள் ஊருக்குள் இருந்தால்தான் தலைவரைக் கேள்வி கேட்பான், அப்போதுதான் வேலை நடக்கும் என்பது என் கருதுகோள்.

போய்ப் பார்த்தால் சொல்லிவைத்தாற்போல் 'அ'வில் தினமும் குழாய்த் தண்ணீர், 'ஆ'வில் நாலு நாளைக்கு ஒருமுறை. அன்றைக்கு டவுணில் இறங்கி, கால் கிலோ அல்வாவை ஒற்றை ஆளாக நின்று தின்றேன்.

ஆனால் அதற்கு முன்பே என் வாய் வேலையைக் காட்டியிருந்தது. 'ஆ'வின் குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்களிடம் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "அங்கன எப்படி சார் தண்ணி?" என்று 'அ'வைப் பற்றிக் கேட்டார். ஆய்வாளன் பதில் சொல்லக் கூடாது. நான் 'அ'வில் குறித்துவந்த தண்ணீர் அட்டவணையையே விரித்துக் காட்டினேன்.

"என்ன சொல்லுதீய! தெனமுமா?" என்றவர் விரல்களை மடக்கினார். "ஆறு ஒண்ணு. மோட்டாரும் ஒண்ணுபோலதான். கரண்டும் ஒரே லைனு. பொறவு அவியளுக்கு மட்டும் எப்படி வருது?"

ஆறு மாதம் நூலகத்தில் முதுகு ஒடிய நான் படித்ததை அவர் ஒரு நிமிடத்தில் செய்து முடித்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சரிபார்க்கப் போனேன். 'ஆ'வில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வந்துபோன மறுநாளே பெண்கள் காலிக் குடங்களோடு போய் டவுண் பஸ்ஸை மறித்தார்களாம். தலைவர் ஓடிவந்தாராம். அன்றிலிருந்து தினமும் தண்ணீர். தலைவர் மட்டும் அதே போட்டியில்லாத தலைவர்.

அக்கா ஒரு செம்பில் பிடித்து நீட்டினார். "குடிங்க சார். நீங்க வந்து சொல்லலன்னா எங்களுக்கு எங்க தெரியப்போவுது?" முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது, இரண்டு ஊரையும் ஒப்பிட்டு எழுதிவைத்திருந்த நாலாவது அத்தியாயத்தை நினைத்து. நான் ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை, இவர்கள் இன்னும் மூன்று மாதம் பொறுத்து பஸ்ஸை மறித்திருக்கக் கூடாதா என்று மெய்யாகவே நினைத்தேன். அந்த ஊருக்குத் தண்ணீர் வந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்தான். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

கூசினால் வேலை நிரந்தரமாகுமா? கள ஆய்வு முடிந்த தேதி என்று முதல் தடவை போன நாளையே போட்டுவிட்டேன். அட்டவணை வெகு சுத்தம் என்றார் என் நெறியாளர். பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. பச்சை அட்டை போட்ட அந்த ஆய்வேடு இன்னும் நூலகத்தில் இருக்கிறது. அதில் 'ஆ' ஊருக்கு இன்றைக்கும் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது.