மாஜரின் பெட்டிக்குள் ஒளித்த மருந்து

என்னோடு ஒரே கூரையின் கீழ் முழங்காற்படியிடுகிற சகோதர சகோதரிகளே, கர்த்தர் செய்ததைச் சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் நிமிர்ந்த தலையோடு எழும்புவார்கள். நான் குனிந்த தலையோடு எழுதுகிறேன். அப்படியும் ஒரு சாட்சி இருக்கட்டும்.

2005 மார்கழி. ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் மழை பனியாகவும் பனி மழையாகவும் மாறிமாறிப் பெய்த நாட்கள். எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடங்கள். குழந்தை இல்லை. இல்லை என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒரு ஆளைப் போல நடமாடியது. சாப்பாட்டு மேசையில் எங்களோடு இருந்தது. இரவில் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தது.

சபையில் எனக்காக எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் என் தலையில் கை வைத்து, அடுத்த நத்தாருக்கு உன் கையில் பிள்ளை இருக்கும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த வாரம்தான் வைத்தியர் எனக்கு ஊசிகளைத் தந்திருந்தார். சினைமுட்டையை வளர்க்கிற மருந்து. நாள் தவறாமல் மாலையில், நானே என் வயிற்றில் ஏற்றவேண்டும்.

எங்கள் சபையில் ஜெபத்தால் சுகம் என்று மருந்தை விட்டவர்கள்தான் சாட்சி சொன்னார்கள். மருந்தைத் தொடங்கியவர்கள் வாய் திறந்ததில்லை. பிள்ளை இல்லாதது ஒரு வெட்கம். விசுவாசம் போதவில்லை என்பது இன்னொரு வெட்கம். ஒன்றை ஒன்றால் மூடிக்கொண்டு திரிந்தேன். சபையார் வந்துபோகும் வீடு; ஊசி விசயம் என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மருந்தை வெறுமையான மாஜரின் பெட்டிக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், கத்தரிக்காய்களுக்குப் பின்னால் ஒளித்தேன். பொழுதுபட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழிடுவேன். தண்ணீரைத் திறந்துவிட்டு ஊசியைப் போடுவேன். நோவு பெரிதில்லை. ஒளிப்புத்தான் நொந்தது.

அதுவோ நத்தார் காலம். என் கணவர் உணவகத்துச் சமையலறையில் நின்றார். மார்கழி முழுக்க அவருக்கு ஓய்வில்லை. சபையின் வேலைகள் என் வீட்டுக்கு வந்து குவிந்தன. கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் சம்மனசுகளாக, தேவதூதர்களாக வரும் பிள்ளைகளுக்குச் செட்டைகள் தைக்கவேண்டும். ஒத்திகையும் என் வீட்டில்தான்.

"உங்களுக்கென்ன, பிள்ளைகுட்டி இல்லை, நேரம் கிடக்குத்தானே. செட்டையளை நீங்களே தையுங்கோவன்" என்றாள் வசந்தி, மூன்று பிள்ளைகளின் தாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கினேன். இரவெல்லாம் அந்த வெள்ளைத் துணியில் ஊசி ஏறி இறங்கியது. எனக்கு இரண்டு ஊசிகள். ஒன்றை எல்லோரும் கண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நான் அன்றைய ஊசியைப் போட்டபின், பெண்கள் வந்திருந்து நத்தார் விருந்துக்கு மீன் றோல்ஸ் செய்தார்கள். சனிக்கிழமை மாலை ஒத்திகை. வரவேற்பறை நிறையச் சம்மனசுகள் செட்டையால் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகக் கழன்று சமையலறைக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். மேலிருந்து கீழ் வரை றோல்ஸ் தட்டுகள். என் பெட்டி இல்லை.

"அக்கா, இதுக்குள்ள ஒரு மாஜரின் பெட்டி இருந்ததே?"

புஷ்பம் அக்கா திரும்பினார். எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர் அவர்தான்.

"அதோ? நேற்று றோல்ஸ் வைக்க இடம் காணேல்லை. பல்கனியிலை வைச்சனான். மார்கழியிலை எங்களுக்கு ரெண்டு பிறிட்ஜ் எல்லோ!"

கோக் போத்தல்களுக்கும் இறைச்சிக்கறிச் சட்டிக்கும் நடுவில் என் பெட்டி இருந்தது. மூடியில் வெண்பனி. உள்ளே பேனை போன்ற அந்த ஊசிக்குள் மருந்து கல்லாகியிருந்தது. உறையவிடக்கூடாது என்று தாதி படித்துப்படித்துச் சொன்னவர். ஒரு நாள் தவறினாலும் இவ்வளவு நாட்கள் போட்டது வீணாகலாம் என்றும் சொன்னவர்.

நான் அந்தக் குளிர்ச் சீமெந்தில் முழங்காற்படியிட்டேன். சகோதரிகளே, என்ன ஜெபித்தேன் தெரியுமா? மருந்துக்காக அல்ல. பிள்ளைக்காகவும் அல்ல. ஆண்டவரே, இதை ஒருவரும் காணக்கூடாது. அதுதான் என் ஜெபம். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் எரிகிறது.

பின்னால் கதவு திறந்தது. புஷ்பம் அக்கா. என் கையைப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை! இது உறைஞ்சால் சரிவராது. எறியத்தான் வேணும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் தோளில் கிடந்த கைப்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடி இல்லை. என்னுடையதைப் போலவே ஒரு பேனை ஊசி. சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்குப் போடுகிற இன்சுலின்.

சீனி வருத்தத்துக்கு விழுங்கிய குளிசையை விட்டுவிட்டேன் என்று முந்தின வருடம் சபையில் சாட்சி சொன்னவர் அவர்.

"குளிசையை விட்டது உண்மைதானே" என்றார் மெல்ல. "ஊசிக்கு மாறீட்டன். ஒத்திகைக்கு வந்தால் உன்ரை பாத்றூமிலைதான் போடுறனான்."

"நானும் அங்கைதான் அக்கா."

"ரெண்டு கள்ளியளுக்கும் ஒரே கதவு" என்றார். சிரித்தார். பிறகு அழுதார். இரண்டு பேரும் அந்தப் பனியில் அழுதோம்.

வைத்தியரின் அவசர இலக்கத்துக்கு அழைத்தது அக்காதான். நான் இன்னும் பெட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்த ஜேர்மன் மொழி கொஞ்சம், சத்தம் மிச்சம். "பேபி ஸ்பிறிற்ஸ கபூட்! ஐஸ்! ஐஸ்!" என்று, பேபி ஊசி உறைந்து பழுதாய்ப்போனதைத் தொலைபேசிக்குள் கூவினார். வரவேற்பறையில் பிள்ளைகளோடு வந்திருந்த தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குட்டிச் சம்மனசு தலையை நீட்டி, "அன்ரி, பேபிக்கு ஊசியோ?" என்று கேட்டது.

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"ஓம்" என்றேன். "அன்ரிக்கு ஊசி."

முதலில் எழும்பியது வசந்தி. நான் பாதியில் வைத்துவிட்டுப் போன செட்டையையும் நூலையும் கையிலெடுத்தாள். என் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "நீங்கள் வெளிக்கிடுங்கோ அக்கா. இதை நான் தைக்கிறன். எல்லாத்தையும் நான் தைக்கிறன்."

படுக்கப் போகுமுன் போட்டால் போதும், உடனே வாருங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அக்கா காரை ஓட்டினார். சிகிச்சை நிலையத்தில் புது ஊசி தந்தார்கள். அங்கேயே, கதவைத் தாழிடாமல், நான் என்னுடையதைப் போட்டேன். பக்கத்துக் கதிரையில் அக்கா தன்னுடையதைப் போட்டார்.

பிள்ளை பிறந்ததா என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? இல்லை. அந்த முறை பலிக்கவில்லை. அதற்கடுத்த முறையும் பலிக்கவில்லை. அடுத்த நத்தாருக்கு அதே பிரசங்கியார் வந்து என் வெறுங்கையைப் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையை நான் சேலைத் தலைப்புக்குள் ஒளிக்கவில்லை.

ஒருவரும் காணக்கூடாது என்று கேட்டேன். கர்த்தர் கதவைத் திறந்து, காணவேண்டியவரையே அனுப்பினார். நான் கேட்டதை அவர் தரவில்லை. அதன் அடியில், கேட்கத் தெரியாமல் கிடந்ததைத் தந்தார். அந்த இரவுக்குப் பிறகு நான் தனியாக ஊசி போட்டதேயில்லை. இதை எழுதச் சொன்னவரும் புஷ்பம் அக்காதான். தன் சாட்சியை அவர் சபையில் எழும்பித் திருத்திச் சொல்லிவிட்டார்.

இப்போது சபை மண்டபத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டு மருந்துக்கென்றே இருக்கிறது. அங்கே றோல்ஸ் வைக்க ஒருவரையும் விடமாட்டோம். உங்கள் வீட்டிலும் ஏதாவதொரு பெட்டிக்குள் ஏதாவது ஒளிந்திருந்தால், கொண்டுவாருங்கள். மூடியில்லாமல் வையுங்கள். நேரம் வரும்போது சொல்லுங்கள், பக்கத்தில் வந்து நிற்கிறேன்.