பூட்டை இழுக்கும் வம்சம்

எங்கள் குடும்பத்தில் யாரும் வீட்டைப் பூட்டிவிட்டு உடனே போவதில்லை. பூட்டை இழுத்துப் பார்ப்போம். படியிறங்குவோம். திரும்பி வந்து மறுபடி இழுப்போம். ஆலைத் தொழிலாளியான என் அப்பா ஷிப்டுக்குத் தாமதமானாலும் இழுத்துவிட்டுத்தான் போவார். என் மகளும் இழுக்கிறாள்.

மகள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். "இது ஜீன்லயே வரலாம்ப்பா. ஒரு ஜீன் இல்ல, நெறைய சேந்து லேசா ஒரு பக்கம் சாய்ச்சு விடும். மிச்சம் வளர்ற வீட்டப் பொறுத்தது" என்றாள்.

"உங்க வம்சத்துக்கே பூட்டு வியாதி. நல்லவேளை, என் ரத்தத்துல இல்ல" என்றாள் என் மனைவி.

அவள் தம்பிக்கு அரியாங்குப்பத்தில் கல்யாணம். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். ஒரே அக்கா இவள்தான். முந்தின நாள் வரவேற்பு முடிந்து, தூங்குவதற்கு லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தோம். காலையில் கிளம்பும்போதே உத்தரவு வந்தது.

"இன்னிக்கு ஒருத்தரும் பூட்டத் தொடக் கூடாது. முகூர்த்தம் போயிடும்."

அவளே பூட்டினாள். நானும் மகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பிறகு ஆட்டோவில் ஏறினோம்.

ஆற்றுப் பாலம் வரும்வரை எனக்கு உள்ளங்கை அரித்தது. மகள் நகத்தைக் கடித்தாள்.

"ஏங்க, நான் பூட்டுனேன் இல்ல?" என்றாள் மனைவி.

"பூட்டுன."

"இழுத்துப் பாத்தீங்களா?"

"நீதான தொடக் கூடாதுன்ன."

ஆட்டோக்காரர் பக்கம் குனிந்தாள். "அண்ணே, வண்டியத் திருப்புங்க."

பூட்டு சரியாகத்தான் இருந்தது. அவள் இழுத்தாள். எங்களையும் இழுக்கவிட்டாள்.

"அம்மாவுக்கு எந்த ஜீன்?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இது சிலபஸ்ல இல்லப்பா."

மண்டபத்தில் நுழையும்போது கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் நுனிகளை விடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சுப் போட அவன் சித்தி மகள் தயாராகக் கையை நீட்டிவிட்டாள். என் மனைவி ஓடிப்போய்க் கயிற்றை வாங்கினாள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சு.

பிறகு இழுத்துப் பார்த்தாள். மணப்பெண்ணின் தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது.

மேடையிலிருந்து இறங்கினாள். திரும்பி ஏறிப்போய் மறுபடி இழுத்தாள்.

"விடுக்கா," என்றான் தம்பி. "அவ எங்கயும் போகல."