மாமியார் சொன்ன சாட்சி

தொண்ணூறுகளின் கடைசியில் மாநில மகளிர் ஆணையம் திண்டுக்கல்லில் விசாரணை நடத்தியது. எங்கள் பெண்கள் அமைப்பு கொண்டுபோன புகார், வேடசந்தூர்ப் பக்கம் தீயில் கருகி இறந்த ஒரு மில் தொழிலாளியைப் பற்றியது. ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லிப் போலீஸ் வழக்கை முடித்திருந்தது.

இறந்தவளின் மாமியாரும் வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். யார் பேசினாலும் எழுந்து நின்றுவிடுவார். மகனைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"ஸ்டவ்வு வெடிக்கலம்மா. எம்மகன்தான் மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்துனான். நான் கண்ணால பாத்தேன்," என்றார் ஆணைய உறுப்பினரிடம்.

வழக்கை மறுபடி விசாரிக்கும்படி ஆணையம் போலீசுக்குச் சொன்னது.

வெளியே வந்ததும், "பெத்த பிள்ளையாச்சேம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஜெயில்ல கெடந்தா அவனப் போயிப் பாத்துட்டு வருவேன். அவள எங்க போயிப் பாக்குறது?"

பஸ் ஏறப் போனவர் திரும்பி வந்தார். "ஏம்மா, ஜெயிலுக்குள்ள வீட்டுச் சோறு விடுவாகளா? தொட்டுக்க வெஞ்சனம் ருசியா இல்லைன்னா அவனுக்கு எறங்காது."

உள்ளே சாட்சி கேட்டபோதுகூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா எப்படி வாய் திறந்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.