இரண்டு தரம் இழுத்த கயிறு

பர்மாக் காட்டில் நான் சுட்டதில், செத்தது என்று உறுதியாகத் தெரிந்தது ஒரு பன்றி மட்டும்தான். அதுவும் காட்டுப்பன்றி அல்ல. யாரோ ஒரு பர்மாக்காரி வீட்டில் வளர்த்தது. புதர்ப் பற்றை அசைந்தது, சுட்டேன், விடிந்தபின் போய்ப் பார்த்தால் பன்றி. மற்றக் குண்டுகளெல்லாம் எங்கே போயின என்று எனக்கும் தெரியாது, என் கையில் துவக்கைத் தந்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது.

ஆனால் திருகோணமலையில் பன்றிக் கதை எடுபடாது. போருக்குப் போய் வந்தவன் என்றால் சனம் வேறு ஏதோ எதிர்பார்க்கிறது. பெரியகடைப் பக்கத் தேத்தண்ணிக் கடையில் எவனாவது வாயைக் கிளறினால், ஏழெட்டு ஜப்பான்காரரைச் சாய்த்துவிட்டுத்தான் நான் கதிரையை விட்டு எழும்புவேன். வருடம் போகப்போகச் சாகிறவர்களின் தொகையும் கூடிக்கொண்டு போனது. இப்போது அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் மூன்று பேர் போனோம். எங்கள் பக்கத்துக் காட்டில் பயிற்சி எடுக்க வந்திருந்த ஒரு காலாட்படையில் தென்னிந்தியத் தமிழர் நிறைய இருந்தார்கள். காடு தெரிந்த உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று அதன் வெள்ளைக்காரத் துரை கேட்டான். நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த காடு, தம்பலகாமத்துக்குப் போகும்போது பஸ் யன்னலால் தெரிகிற காடு. மற்ற இருவரும் உண்மையாகவே காடு தெரிந்தவர்கள். ஒருவன் மூதூரில் மாட்டுப்பட்டி வைத்திருந்த முஸ்லிம் பொடியன். மற்றவன் கிளிவெட்டி வயற்காரன், கலியாணம் முடித்து ஆறு மாதம். எங்களை ஊர்ப் பெயரால்தான் படையில் கூப்பிட்டார்கள். நான் திருக்கணாமலையான், அவர்கள் மூதூரானும் கிளிவெட்டியானும்.

காட்டுப் போர் என்றால் பெரும்பாலும் அட்டை, மழை, வயிற்றோட்டம். எதிரி எப்போதாவதுதான் வருவான், வயிற்றோட்டம் தினமும் வரும். காட்டில் பேசக்கூடாது, தும்மக்கூடாது, சுருட்டுப் பற்றக்கூடாது. அதனால் இராக் காவலுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ஆளுக்கொரு குழி வெட்டி அதில் கிடப்போம். ஒரு குழியில் இருப்பவனின் மணிக்கட்டிலிருந்து அடுத்த குழிக்காரனின் மணிக்கட்டுக்கு ஒரு சணல் கயிறு ஓடும். ஒரு தரம் இழுத்தால் விழித்திரு என்று அர்த்தம். இரண்டு தரம் இழுத்தால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். வாங்கியவன் தன் அடுத்த கயிற்றை இழுத்து மற்றவனுக்குக் கடத்த வேண்டும்.

அன்று முன்குழியில் நான் காவல். என் கயிறு மூதூரானிடம் போனது, அவனுடைய மற்றக் கயிறு கிளிவெட்டியானிடம். கிளிவெட்டியானின் முறை விடியப்புறம்தான், அதனால் அவன் படுத்துவிட்டான். நானும் படுத்துவிட்டேன். வேண்டுமென்று அல்ல. மூன்று நாள் நடை, கண் சொருகிவிட்டது. பின்பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். வந்தவர்கள் எங்களைக் கடந்து போய்விட்டார்கள் என்று அந்த நிமிடமே எனக்கு விளங்கியது. உடனே நான் செய்த காரியம், கயிற்றை இரண்டு தரம் இழுத்தது. இன்னும் இரண்டு தரம் இழுத்தேன். யாரையும் காப்பாற்ற அல்ல. நாளை கேட்டால், இழுத்தேன் என்று சொல்வதற்காக.

விடிந்தபோது கிளிவெட்டியான் தன் குழிக்குள் கிடந்தான். காதுக்குக் கீழே ஒரே ஒரு குத்து. போர்வை கழுத்துவரை இழுத்து மூடியபடி இருந்தது. வாய் திறந்திருந்தது, எப்போதும் நித்திரையில் திறந்திருப்பதுபோல. நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் வந்தது. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

துரை விசாரித்தான். கயிற்றை இழுத்தாயா என்றான். இழுத்தேன் சேர் என்றேன். மூதூரானைக் கேட்டான், உனக்குக் கிடைத்ததா என்று. கிடைத்தது சேர், அடுத்தவனுக்குக் கடத்துமுன் காரியம் முடிந்துவிட்டது என்றான் மூதூரான். நான் நித்திரை என்பது இவனுக்குத் தெரியும், என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று அன்றே யோசிக்கத் தொடங்கினேன்.

போர் முடிந்து ஊருக்கு வந்தோம். காவலில் விழிப்பானவன் என்று துரை எனக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தான். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் துறைமுகத்தில் காவற்காரன் வேலை எடுத்தேன். வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, கப்பல்கள் மாறின, வாசற்படலையில் நான்தான் மாறாமல் நின்றேன். அத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் ஒரு நாளும் கண்ணயரவில்லை. படுக்க வேண்டிய நேரத்திலும் அயரவில்லை என்பது வேறு கதை.

மூதூரானுக்கு நான் கைம்மாறு செய்யத் தொடங்கினேன். துறைமுகத்தில் கப்பலுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறப் பெயின்ற் எனக்குச் சும்மா கிடைக்கும். தகரம் தகரமாக அவனுக்கு அனுப்பினேன். அவன் வீட்டுக் கதவு, வேலி, மாட்டுத் தொட்டி, வள்ளம் எல்லாம் போர்க்கப்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. அவனும் சும்மா இருக்கவில்லை. கிழமைக்குக் கிழமை மூதூரிலிருந்து கடல் வழியாக வரும் லோஞ்சில் எருமைத் தயிர்ச் சட்டி வந்து இறங்கும். பெருநாளுக்கு இறைச்சி, வயல் வெட்டினால் நெல், காட்டுக்குப் போனால் தேன். நான் ஒன்று கொடுத்தால் அவன் இரண்டு கொடுத்தான். தயிரைத் தின்று தின்று என் பிள்ளைகள் தயிரென்றாலே ஓடினார்கள்.

“அந்த மனிசனுக்கும் உங்களுக்கும் இடையில என்ன நடந்தது?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள். “சம்பந்திமார்கூட இப்பிடிச் செய்யமாட்டினம்.”

“பட்டாளத்துச் சிநேகிதம்” என்றேன். பட்டாளம் என்றால் அவள் மேலே கேட்கமாட்டாள்.

வருடத்துக்கொரு தரம் இருவரும் தயிர்ச் சட்டியும் பெயின்ற் தகரமுமாகக் கிளிவெட்டிக்குப் போவோம், கிளிவெட்டியானின் மனைவியைப் பார்க்க. அந்தப் பெண் மறுபடி கலியாணம் செய்யவில்லை. வயலைத் தானே செய்தது, கூலிக்காரரைத் தானே அதட்டியது. எங்களுக்குச் சொல்ல ஒரு கதைதான் இருந்தது. அவர் நித்திரையில் போகவில்லை, எழும்பி நின்று சண்டை பிடித்தவர், நாலு பேரைச் சாய்த்தவர், கடைசியாக உன் பெயரைத்தான் சொன்னவர். அடுத்த வருடம் நாலு ஐந்தாகியது, பிறகு ஆறாகி அங்கேயே நின்றது. சொல்லச் சொல்ல எங்களுக்கே அது நடந்ததுபோல இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ஆறுதலாக இருக்கிறதாக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

எங்கள் இருவருக்கும் மயிர் நரைத்தபின், மூதூரான் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கி, செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்க வந்தவர்களை நான் கேலி செய்வதுண்டு. சாய்வுநாற்காலியில் இருந்துகொண்டு எல்லாருக்கும் தாராளமாகப் பொறுத்துக் கொடுப்பேன். மூதூரானும் அப்படித்தான் வருகிறான் என்று நினைத்து, “என்ர தயிரிலே தண்ணி கலந்ததுக்கா?” என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. கதிரையில் இருக்கவுமில்லை.

“மச்சான், அண்டைக்கு நான் குழிக்குள்ள இல்ல” என்றான். “வயித்தால போச்சு. ரெண்டு கயித்தையும் கழட்டி ஒரு மூங்கில் வேரில கட்டிப்போட்டு, பத்தைக்குப் பின்னால குந்தி இருந்தன். வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்து பாத்தா, நீ கட்டியிருந்த கயிறு ஆடுது. நீ இழுத்துக்கொண்டே இருந்திருக்காய். என்ட பக்கத்தில ஆளில்ல. நான்தான் அவனைச் சாகவிட்டன். அவ்வளவு இழுத்தும் நான் கடத்தல்ல எண்டு உனக்குத் தெரியும், தெரிஞ்சும் துரைக்கிட்ட நீ சொல்லல்ல. பொறுத்துக்க மச்சான்.”

எத்தனையோ வருடமாக நான் சுமந்ததை ஒரு மனிதன் வீடு தேடி வந்து, தன்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறான். கொடுத்துவிடு என்றது மனது. அவன் ஆடிய கயிற்றைக் கண்ணால் கண்டவன். அது ஏன் ஆடியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“பொறுத்தன் மச்சான்” என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் மனைவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தான். கிளிவெட்டிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்கத்தான் கால் வரவில்லை, நாளைக்குப் போவேன் என்று சொல்லிவிட்டு லோஞ்சுக்கு நடந்தான். நான் சாய்வுநாற்காலியில் சாய்ந்தேன். இனியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன். இருக்க முடியவில்லை. மக்காவுக்குப் போய், அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று, என் நித்திரைக்காக அவன் அழப் போகிறான். என்னைப் போன்ற அயோக்கியனுக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சேர்ட்டும் போடவில்லை, பெனியனும் சாரமும்தான். லோஞ்ச் கரையை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது. சைக்கிளை இறங்குதுறையில் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். படையில் ஒரு நாளும் நான் அப்படிப் பாய்ந்ததில்லை. மூதூரான் பின்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் அது நடக்கவில்லை.

“நான் நித்திரை!” என்று கத்தினேன்.

“என்ன?”

“அண்டைக்கு நான் நித்திரை! எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் கயித்தை இழுத்தனான்! துரைக்குப் பொய் சொல்லுறதுக்காக இழுத்தனான்!”

லோஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோழிக் கூடையோடு இருந்த ஒரு பெண் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூதூரான் என்னையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவன் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூதூர்க் கரை தெரிந்தபிறகுதான் என் காதுக்குக் கிட்ட வந்தான். “நீ நித்திரை. நான் பேளப் போயிட்டன். எங்களை வைச்சுக்கொண்டு வெள்ளைக்காரன் எப்பிடி மச்சான் அந்தச் சண்டையில வெண்டான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்தது, பிறகு அது சிரிப்பின் கண்ணீராக இல்லை. கோழிக்காரப் பெண் எழுந்து முன்பக்கம் போய்விட்டாள்.

“வா” என்றான் இறங்கியதும். “ரெண்டு பேரும் போவம். நாளைக்கு இல்ல, இப்பவே.” அவனுடைய சேர்ட் ஒன்றைத் தந்தான். நெல்லுக்குப் போன ஒரு ட்ரக்டர் பெட்டியில் ஏறி, குலுங்கிக் குலுங்கிக் கிளிவெட்டி போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பெண் வாசலில் பாய்களை விரித்து அவித்த நெல் காயப்போட்டிருந்தது. கையில் நீட்டுக் கம்பு, கோழி விரட்ட. எங்களைக் கண்டதும், “என்ன, இந்த முறை வெறுங்கையோட?” என்றது. அது பகிடிதான். பாயின் ஓரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னோம். அவன் கயிற்றைக் கழற்றியதை அவன் சொன்னான், நான் தூங்கியதை நான் சொன்னேன். பிறகு மூதூரான், “பொறுத்துக்கங்க தங்கச்சி” என்றான்.

அந்தப் பெண் கம்பைக் கீழே வைக்கவில்லை.

“அப்ப அந்த ஆறு பேர்?”

“ஒருத்தருமில்லை” என்றேன்.

“எழும்பி நிண்டு சண்டை பிடிச்சது? என்ர பேரைச் சொன்னது?”

“நாங்கள் கட்டின கதை.”

“அண்ணன், கயித்துக்கு நான் என்னத்தைப் பொறுக்கிறது? நீங்களும் பொடியள். பசியும் வருத்தமுமா இருந்திருப்பியள். உந்தக் கதையைத்தான் எனக்குப் பொறுக்க ஏலாது.” குரல் உயர்ந்தது. “கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து அந்த மனிசன் தனிய வயலுக்குக்கூடக் காவலுக்குப் போகாது, பயம். இவ்வளவு வருசமும் நான் கண்ணை மூடினா, அந்த மனிசன் தனிய நிண்டு ஆறு பேரோட மல்லுக்கட்டுது, என்னைக் கூப்பிடுது. நான் போக ஏலாமப் படுத்துக் கிடக்கிறன். வந்து வந்து ஒவ்வொரு ஆளாக் கூட்டி விட்டுட்டுப் போனீங்களே!”

தயிர்ச் சட்டியும் பெயின்ற் தகரமும் என்ன செய்யும் இதற்கு?

அந்தப் பெண் பாயின் ஓரத்தில் குந்தியது. “மெய்யா நித்திரையிலதான் போனவரோ?”

“மெய்யா. நான் கண்டனான்.”

“பயந்திருப்பாரோ?”

“இல்லை தங்கச்சி. போர்வை கழுத்துவரைக்கும் இருந்தது. கலையவே இல்லை. வாய் திறந்தபடி.”

“குறட்டை விட்டவரோ?” என்று மூதூரானைக் கேட்டது.

“ஓம்” என்றான் அவன். “நான் எழும்பிப் போகக்குள்ள கேட்டுது.”

அந்தப் பெண் தலையை ஆட்டியது. முந்தானையால் முகத்தை மூடியது. கோழிகள் ஒவ்வொன்றாகப் பாயில் ஏறி நெல்லைக் கொத்தத் தொடங்கின. கம்பு பக்கத்திலேயே கிடந்தது, ஒருவரும் விரட்டவில்லை.

“திருப்பிச் சொல்லுங்கோ அண்ணன்” என்றது, முந்தானைக்குள் இருந்து. “முதல்ல இருந்து. போர்வையில இருந்து.”

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் இருந்து சொன்னேன்.